பராமரிக்கும் வலு எங்கிருந்து வருகிறது?

காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் அருகே இரவெல்லாம் விழித்திருக்கத் தாய்க்கு மனம் வேண்டும்; மறுநாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வழியும் வேண்டும். மனத்தைப் பற்றி இலக்கியமும் சமயமும் நிறையப் பேசியிருக்கின்றன. வழியைப் பற்றிய பேச்சு குறைவு. குழந்தை மெலிந்திருந்தால் தாய்க்கு அக்கறை இல்லை என்றும், முதியவர் திண்ணையில் தனியே கிடந்தால் பிள்ளைகளுக்கு ஈரம் இல்லை என்றும் ஊர் சொல்லிவிடுகிறது. பள்ளியிலும் மருத்துவமனையிலும் அரசு அலுவலகத்திலும் இதே தீர்ப்பு பல நேரங்களில் விசாரணையின்றி வழங்கப்படுகிறது.

அவையோர் முன் இச்சொற்பொழிவு வைக்கும் கருத்து ஒன்றே. பிறரைப் பராமரிக்கும் வலு தனிமனிதரின் குணத்தை மட்டும் பொறுத்ததன்று. நிலையான வருமானமும் சமூகத்தில் சமமான இடமும் அதை வளர்க்கின்றன. அவை பறிபோனால் அதுவும் தேய்கிறது. இதற்கான சான்றுகள் பிரேசிலின் கரும்புப் பகுதியிலிருந்தும், விழுப்புரத்திலிருந்தும், இலங்கை மலையகத்திலிருந்தும், கோழிக்கோட்டிலிருந்தும் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மலையகத்தின் கதை சற்று விரிவாகவே சொல்லப்படும். சேர்த்துக்கொள்ளப்படாமையின் விளைவு அங்கே தலைமுறை தலைமுறையாகத் துலங்கித் தெரிகிறது.

1. பராமரிப்பின் படிகள்

அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் ஜோன் டிரோண்டோ 1993இல் வெளியிட்ட நூலில் பராமரிப்பை நான்கு படிகளாகப் பிரித்தார். ஒருவருக்கு ஒரு தேவை இருப்பதைக் கண்டுகொள்வது முதற்படி. அதற்குப் பொறுப்பேற்பது இரண்டாவது. கையால் செய்யும் வேலை மூன்றாவது. பெற்றுக்கொண்டவருக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று அறிவது நான்காவது.

இந்தப் பிரிவினையின் பயன், எந்தப் படியில் தடை விழுகிறது என்று கேட்க முடிவதில் இருக்கிறது. கண்டுகொள்ளக் கவனம் வேண்டும். பொறுப்பேற்க, தன் சொல் எடுபடும் என்ற நம்பிக்கை வேண்டும்; மருத்துவமனை வாசலில் விரட்டப்பட்டுப் பழகியவருக்கு அந்த நம்பிக்கை எளிதில் வராது. வேலையைச் செய்ய நேரமும் காசும் தண்ணீரும் இடமும் வேண்டும். அக்கறை இல்லை என்று ஊர் சொல்லும் பல வீடுகளில் முதற்படி ஏறியாகிவிட்டது. தடை விழுந்தது இரண்டாவதிலோ மூன்றாவதிலோதான்.

2. பிரேசிலின் தாய்மார்கள்

மானுடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹியூஸ் 1960களில் இளம் தொண்டராகப் பிரேசிலின் வடகிழக்கே, பெர்னாம்புகோ மாநிலத்துக்குச் சென்றார். ஆல்டோ டோ குருசேய்ரோ என்ற மலைச்சரிவுக் குடியிருப்பில் கரும்பு வெட்டும் கூலிகள் வாழ்ந்தனர். குழந்தைகள் ஏராளமாக இறந்தன. அவரைத் திகைக்க வைத்தது தாய்மார்களின் அமைதி. நோஞ்சானாகப் பிறந்த குழந்தையை, வாழும் ஆசை இல்லாத பிள்ளை என்று சொல்லிக் கைவிட்டது போல நடந்துகொண்டார்கள், இறந்தால் அழவில்லை. இதைப் பற்றி அவர் 1992இல் வெளியிட்ட நூல் பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

அவரது விளக்கம் இதுதான். தாய் கரும்புக்காட்டுக்கோ பிறர் வீட்டு வேலைக்கோ கைக்குழந்தையைத் தூக்கிப் போக முடியாது. குழந்தை வீட்டில் கிடக்கும்; பார்த்துக்கொள்வது இன்னொரு சிறுபிள்ளை. கிடைத்த தண்ணீர் கெட்டது. அதில் கரைத்த கஞ்சிதான் பாலுக்குப் பதில். எது பிழைக்கும் எது பிழைக்காது என்று தெரியாத நிலையில், பிழைக்கக்கூடிய பிள்ளைக்கே இருக்கும் கொஞ்சத்தையும் கொடுப்பது என்று தாயின் நெஞ்சு பழகிக்கொண்டது. இதே வடகிழக்கில் ஆய்வு செய்த மர்லின் நேஷன்ஸும் லிண்டா-ஆன் ரீபனும் இந்த விளக்கத்தை மறுத்தார்கள். தாய்மார்கள் பிள்ளையைக் காப்பாற்றக் கடைசிவரை அலைந்தார்கள். மருத்துவமனைகள்தாம் அவர்களுக்குத் திறக்கவில்லை என்பது அவர்கள் வாதம். அழாமைக்கு என்ன பொருள் என்பதில்தான் இரு தரப்பும் வேறுபட்டன. தாயின் குணத்தில் குறை காண இரு தரப்புமே மறுத்தன.

பின்னால் நடந்ததுதான் முக்கியம். 1988இன் அரசமைப்பு எல்லோருக்கும் பொது மருத்துவத்தை உரிமையாக்கியது. குழாய்த் தண்ணீர் வந்தது. வீடு வீடாகப் போகும் நலப்பணியாளர்கள் அதே தெருக்களிலிருந்து நியமிக்கப்பட்டனர். 2003இல் தொடங்கிய ‘போல்சா பமீலியா’ திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு, பெரும்பாலும் தாயின் பெயரிலேயே, மாதப் பணம் தந்தது. பல ஆண்டுகள் கழித்து அதே சரிவுக்குத் திரும்பிய ஷெப்பர்-ஹியூஸ், பிறப்பும் குழந்தை இறப்பும் குறைந்திருப்பதையும், பிறந்த ஒவ்வொரு குழந்தையும் வாழும் என்ற நம்பிக்கையோடு தாய்மார்கள் அதைப் பேணுவதையும் எழுதினார். அவர்களுக்கு யாரும் அன்பு செலுத்த வகுப்பெடுக்கவில்லை.

3. கரும்பு வெட்டுக்கு முன்னும் பின்னும்

பணமின்மை நேரத்தையும் பொருளையும் பறிப்பது எல்லோருக்கும் தெரிந்தது. கவனத்தையும் பறிக்கிறது என்பதற்கு ஒரு சான்று தமிழ்நாட்டிலிருந்தே கிடைத்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையின் ஒரு பகுதி விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரைப் பற்றியது.

கரும்பு விவசாயிக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி வெட்டு முடிந்த பிறகே மொத்தமாக வரும். ஆலை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வெட்டு உத்தரவு தருவதில்லை; ஆகவே ஒரே மாதத்தில் ஒருவர் கையில் பணம் இருக்கும், பக்கத்து வயல்காரர் கடனில் இருப்பார். வெட்டுக்கு முந்திய காலத்தில் இந்த விவசாயிகளில் 78 சதவீதத்தினர் ஏதேனும் பொருளை அடகு வைத்திருந்தனர். வெட்டுக்குப் பிறகு 4 சதவீதத்தினரே. ஒரே மனிதரிடம் இரண்டு காலங்களிலும் எண்களைக் கொண்ட கவனச் சோதனையும் வடிவப் புதிர்களும் கொடுத்துப் பார்த்தார்கள். வெட்டுக்கு முன் மதிப்பெண் தெளிவாகக் குறைந்திருந்தது. மனிதர் மாறவில்லை, அடகுச்சீட்டுதான் மாறியது.

இக்கட்டுரையின் முடிவுகள் பின்னர் விவாதத்துக்கு உள்ளாயின. வேறு நாடுகளில் நடந்த சில ஆய்வுகளில் இதே விளைவு தெரியவில்லை. மேலும், புதிர் விடுவிப்பதும் பராமரிப்பதும் ஒன்றல்ல. இருந்தாலும் வீட்டில் நோயாளி இருப்பவர் ஒரு நாளில் என்னென்ன நினைவில் வைக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் தொடர்பு விளங்கும். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், காலில் வீக்கம் நேற்றைவிடக் கூடியிருக்கிறதா, அடுத்த பரிசோதனை எந்தக் கிழமை. வட்டிக்காரர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் தலைக்குள் இவையும் இடம் பிடிக்க வேண்டும்.

பராமரிப்பையே நேராக அளந்த ஆய்வும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஜேன் காஸ்டெல்லோவின் குழு 1993 முதல் கிராமப்புறச் சிறுவர்களின் மனநலத்தைக் கவனித்து வந்தது. இடையில் செரோக்கி பழங்குடியினரின் நிலத்தில் சூதாட்ட விடுதி திறக்கப்பட்டு, அதன் லாபத்தில் ஒவ்வொருவருக்கும் நிபந்தனையின்றிப் பங்கு கிடைத்தது. வறுமையிலிருந்து வெளியேறிய குடும்பங்களில் சிறுவர்களின் நடத்தைச் சிக்கல்கள் குறைந்து, என்றுமே வறுமை காணாத வீட்டுப் பிள்ளைகளின் அளவுக்கு வந்தன. 2003இல் வெளியான அந்த ஆய்வு காரணத்தையும் தேடியது. பெற்றோர் பிள்ளைகளின் மேல் கண் வைக்க முடிந்ததே பெரும் காரணம் என்று தெரிந்தது. ஆனால் மனச்சோர்வும் பதற்றமும் அந்தப் பணத்தால் குறையவில்லை. பணத்தால் ஆவது எது, ஆகாதது எது என்பதற்கு அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

4. மலையகம்: இடம் மறுக்கப்பட்ட மக்கள்

திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து 1820கள் தொடங்கி இலங்கையின் மலைகளுக்குத் தோட்ட வேலைக்காகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியினர் மலையகத் தமிழர். சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களில் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964இன் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நாடற்ற நிலை முற்றாகத் தீர 2003இன் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குடியுரிமை என்பது தேர்தலோடு நின்றுவிடும் விஷயம் என்று நினைப்பவர்கள், இந்தியாவுக்குக் கப்பலேறுவோரை ஏற்றித் தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையக மக்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று அறிய வேண்டும். ‘அழுகைக் கோச்சி’ என்றார்கள். பெற்றோர் ஒரு நாட்டுக்கும் மணமாகிப் போன பிள்ளைகள் இன்னொரு நாட்டுக்கும் எழுதப்பட்டார்கள். முதுமையில் யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்று ஒரு குடும்பம் தனக்குள் வைத்திருந்த ஏற்பாடு முழுவதையும் அரசுகளுக்கு இடையிலான ஒரு தாள் கலைத்துப் போட்டது.

தங்கியவர்களுக்கு நிலம் இல்லை. லயம் எனப்படும் வரிசை வீட்டின் காம்பரா, அதாவது அறை, தோட்டத்துக்குச் சொந்தம். கூரை ஒழுகினால் மாற்றுவது நிர்வாகத்தின் விருப்பம். 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, உள்ளூராட்சி மன்றம் தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்களித்துச் சபையைத் தேர்ந்தெடுத்த மக்களின் பாதையையும் தண்ணீரையும் சீராக்கச் சபைக்கே அதிகாரம் இல்லாத நிலை 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்படும் வரை நீடித்தது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வராமல் பார்ப்பது தாயின் பொறுப்பு என்று சுவரொட்டி ஒட்டுவது எளிது. பீலிக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது அவள் கையில் இல்லை.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஒரு நாளை அருகில் நின்று பார்த்தால் பராமரிப்புக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று தெரியும். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, கோதுமை மா ரொட்டி தட்டி, சாயத்தண்ணி காய்ச்சி, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பி, கைக்குழந்தையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போக வேண்டும். குழந்தை பால் குடிக்க வேண்டிய நேரம் ஒன்று. கொழுந்து நிறுக்கும் நேரம் வேறொன்று. குறித்த எடை வந்தால்தான் முழுப் பேர். பல தோட்டங்களில் அது 18 கிலோ. குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். மழையில் அட்டைக்கடியோடு பறித்த கொழுந்து இரண்டு கிலோ குறைந்ததற்குக் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போய்வந்த நேரம் காரணமென்று தராசுக்குத் தெரியாது.

2016இன் கூட்டு ஒப்பந்தம் இன்னும் ஒரு முடிச்சைக் காட்டுகிறது. அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 500 ரூபாய். அதன் மேல் 60 ரூபாய் வருகைக்கான ஊக்கத்தொகை. வேலை தரப்பட்ட நாட்களில் 75 சதவீதமாவது வந்தவருக்கே அது உண்டு. பிள்ளைக்குத் தொடர்ந்து காய்ச்சல் என்று தாய் வீட்டில் இருந்தால் அந்த நாட்களின் கூலியோடு, வேலைக்குப் போன நாட்களின் ஊக்கத்தொகையும் கைநழுவும். பிள்ளைக்கு அருகில் இருந்த குற்றத்துக்கு இரட்டைத் தண்டம். 2019இல் இந்த ஊக்கத்தொகை நீக்கப்பட்டது. நாளுக்கு 1000 ரூபாய் என்று மக்கள் பல ஆண்டுகள் போராடிய சம்பளம் 2021இல்தான் அரசிதழில் வந்தது. அடுத்த ஆண்டே நாட்டின் பொருளாதார வீழ்ச்சி அதன் மதிப்பைத் தின்றது.

இந்நிலையில், இலங்கையின் 2016 மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதும் 17.3 சதவீதமாகவும் தோட்டப் பகுதியில் 31.7 சதவீதமாகவும் இருந்ததில் வியப்பில்லை. இலவசக் கல்வியாலும் இலவச மருத்துவத்தாலும் உலகின் பாராட்டைப் பெற்ற நாடு அது. அந்த ஏற்பாடுகள் தோட்ட எல்லையில் நெடுங்காலம் நின்றுபோயின. கிராமத்துத் தாய்க்கும் தோட்டத்துத் தாய்க்கும் அன்பில் இரு மடங்கு வேறுபாடு உண்டென்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சம்பளம் போதாதபோது தாய் மத்திய கிழக்குக்குப் போகிறாள். அங்கே வேறொரு வீட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டி ஊட்டுகிறாள். இங்கே அவள் பிள்ளையைப் பாட்டி பார்க்கிறாள். ஒருவரின் பராமரிப்பு இன்னொருவரின் பராமரிப்பைக் குறைத்தே கிடைக்கும் இந்த உலகளாவிய சங்கிலியை 2000ஆம் ஆண்டில் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் விளக்கினார். இலங்கை அரசின் மறுமொழி வேறு திசையில் சென்றது. 2013இல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போகத் தடை விதிக்கப்பட்டது. குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. தகப்பன்மாருக்கு இப்படி எந்தத் தடையும் இருந்ததில்லை. பிள்ளை நல்ல பராமரிப்பில் வளர வேண்டும் என்ற நோக்கம் சரியானதே. அதற்கு உள்ளூரில் வாழும்படியான கூலியைத் தராமல் தாயை மட்டும் கட்டிப்போடுவது, அவளது வறுமையையே அவள் மேல் குற்றமாகச் சுமத்துவதாகும்.

5. கோழிக்கோடு: அயலார் வந்த கதை

பராமரிக்கும் வலு வீட்டுக்குள் மட்டும் அடங்குவதில்லை. பாதுகாப்பான வாழ்வு பரவலாகும்போது அது அடுத்த வீட்டுக்கும் பாய்கிறது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் 1993இல் வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினர். புற்றுநோய் முற்றியவர்கள் மருத்துவமனைக்கு வர முடியாமல் வீட்டில் துடிப்பதைக் கண்டு, 2000ஆம் ஆண்டையொட்டி மலப்புரம், கோழிக்கோடு மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாருக்கே பயிற்சி தந்து குழுக்கள் அமைத்தார்கள். புண்ணைக் கழுவுவது செவிலியரின் வேலை என்றாலும், அந்த வீட்டுக்கு அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, மனைவி எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று பார்ப்பது தொண்டர்களின் வேலையாக இருந்தது. மார்ஃபினோடு அரிசியும் பாடப்புத்தகமும் சேர்ந்து போயின. மருந்து மட்டும் வலியைத் தீர்ப்பதில்லை என்று அவர்கள் கண்டது பராமரிப்பு பற்றிய பெரிய அறிவு.

2008இல் கேரள அரசு இதைக் கொள்கையாக ஏற்றது. இந்திய மாநிலங்களில் அதுவே முதலாவது. ஊராட்சிகள் வீட்டுக்கே செல்லும் செவிலியரை நியமித்தன. 2022இல் ‘லான்செட்’ இதழின் மரணம் பற்றிய ஆணையம் கேரளத்தை எடுத்துக்காட்டாக விவரித்தது.

இது மலையாளிகளின் இயல்பான ஈகை என்று சொல்லி நகர்ந்துவிடுவோர் உண்டு. தொண்டர்களாக வந்தவர்களில் ஆசிரியர், கடைக்காரர், கூலித்தொழிலாளி, மாணவர் எனப் பலரும் இருந்தனர். அவர்களுக்குப் பின்னால் 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் தந்த குடியிருப்புரிமை இருந்தது. ரேஷன் அரிசி இருந்தது. வாசகசாலைகளும் எழுத்தறிவு இயக்கமும் பழக்கிய கூட்டுவேலை இருந்தது. 1996இன் மக்கள் திட்டம் ஊராட்சியின் கையில் சேர்த்த நிதி இருந்தது. வளைகுடாப் பணமும் இருந்தது. தன் கூரைக்கு உரிமை உள்ளவரும், கூட்டத்தில் தன் பேச்சு கேட்கப்படும் என்று அறிந்தவரும் பக்கத்து வீட்டு நோயாளிக்காக வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குவது, நாளைய உலைக்கு அரிசி தேடுபவர் ஒதுக்குவதைவிட எளிது. இல்லாதவர்களும் கொடுக்கிறார்கள், சில நேரம் இருப்பவர்களைவிட அதிகமாக. ஆனால் அவர்கள் கொடுக்கும்போது தம் பிள்ளையின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள்.

6. சுமையைச் சுமப்பவர்கள்

பராமரிப்பை ஊக்குவிக்கும் எந்தத் திட்டமும் யாருடைய தோளில் அது இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் செலவிட்ட நேரம் சராசரியாக நாளுக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் பெண்கள் 134, ஆண்கள் 76. ஆண்களில் அந்த வேலைகளில் ஈடுபடுவோரே குறைவு என்பதால் உண்மையான இடைவெளி இதைவிடப் பெரிது.

உதவித்தொகைகள் உண்டு. படுக்கையில் கிடப்பவரை முழுநேரம் பார்த்துக்கொள்பவருக்குக் கேரளத்தின் ‘ஆஸ்வாசகிரணம்’ மாதம் 600 ரூபாய் தருகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிக்குத் தமிழ்நாடு 2023 முதல் மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. பராமரிப்பாளருக்கான படியை 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பேசுகிறது. பராமரிப்பு ஒரு வேலை என்பதை அரசு ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக இவை மதிப்புடையவை. ஆனால் வேலையை விட்டு வீட்டில் இருக்கும் ஒருவரின் இழந்த கூலிக்கு 600 ரூபாய் இரண்டு நாளுக்குக்கூடக் காணாது.

ஊதியத்துக்காகப் பராமரிப்பவர்களின் நிலையும் இதே அளவுகோலுக்கு உரியது. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் ஆஷா நலப்பணியாளர்கள் இன்னும் தொண்டர்கள் என்றே வகைப்படுத்தப்படுகிறார்கள். பெறுவது சம்பளமல்ல, மதிப்பூதியம். ஆதரவுச் சிகிச்சைக்கு உலகுக்கே வழிகாட்டிய கேரளத்தில், நோயாளியின் வீட்டு வாசலைச் செவிலியரோடு மிதிக்கும் அந்தப் பெண்கள், 7000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கோரி 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்து, வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் போராடினார்கள். ஆஷா, அங்கன்வாடி, சத்துணவுப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது 2013இல். அந்தப் பரிந்துரையில் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்தே ஒப்புக்கொண்டிருந்தனர். அதை நிறைவேற்றும் சட்டம் இன்னும் வரவில்லை.